சுங்கை சிப்புட்டில் இப்போது கையில் இருக்கும் புத்தகங்கள்: வாசிப்பு எங்கே நின்றுபோகிறது, ஏன்?

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தமிழ் நாவல் தேடிப் போனால் பூஜைப் பொருள் கடையில் ஒரே ஒரு தட்டுதான் இருக்கும். அதிலும் சமையல் குறிப்பு, ஜோதிடம், கந்த சஷ்டி கவசம்தான். நாவல் வேண்டுமென்றால் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அஞ்சலில் வரவழைக்க வேண்டும். அதனால் இந்த ஊரில் ஒரு பிரதி நாலைந்து வீடு சுற்றித்தான் படிக்கப்படுகிறது. எங்கள் வாசிப்பு வட்டத்தின் ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறோம். படித்தவர் பெயர் எழுத வேண்டாம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினார், எதனால் நிறுத்தினார் என்பதை மட்டும் எழுத வேண்டும். முடித்தவர் ஒரு வரியில் தன் கருத்தை எழுதலாம். கீழே வரும் மதிப்பீடு அந்தச் சீட்டுகளை வைத்து எழுதியது.

சீட்டுகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. "பிடிக்கவில்லை" என்று மூடி வைக்கப்பட்ட புத்தகங்களில் பாதிக்கு மேல் கதையால் தோற்கவில்லை. பொடி எழுத்து, உதிரும் கட்டு, விட்டுப்போன பாரம் (சேர்த்து மடித்துக் கட்டும் பக்கத் தொகுதி), தப்பான வரிசையில் படிக்கத் தொடங்கியது, கைப்பேசித் திரைக்குப் பொருந்தாத கோப்பு இவைதான் காரணம். எழுத்தாளர் மேல் பழி போடுவதற்கு முன் இவற்றைப் பார்க்க வேண்டும். எல்லாமே நம் கையில் சரிசெய்யக்கூடியவை.

இப்போது அதிக வீடுகளில் இருப்பது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 2022-லும் 2023-லும் படம் வந்த பிறகு இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளே கேட்டு வாங்குகிறார்கள். கதை இழுத்துக்கொண்டு போகும் என்பதில் வட்டத்தில் இரண்டு கருத்து இல்லை. 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்தது என்பதால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு முடிச்சில் நிற்கும். விடாமல் படிப்பவருக்கு அதுவே சற்று அலுப்பூட்டும். போன வாரம் நடந்ததை நினைவூட்டும் வரிகள் அடிக்கடி வரும். நாளைக்கு மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் அந்த அலுப்பு தெரியாது. மொத்தம் 293 அத்தியாயம், ஆகவே மூன்று மாதத்துக்குச் சற்று மேல் ஆகும்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். விலையை மட்டும் பார்த்து வாங்கினால் சிக்கல். முதலில் அத்தியாயக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்: புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. இதில் குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு. அட்டையில் அந்தச் சொல் பொடியாகத்தான் இருக்கும். ஐந்தாம் பாகத்தின் கடைசியில் முடிவுரை இருக்கிறதா என்றும் பார்க்கவும். கதைமாந்தர் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்குக் கல்கி பதில் சொல்லும் பகுதி அது. அது இல்லாமல் முடித்தவர்கள் கதை அந்தரத்தில் நின்றுவிட்டதாக நினைக்கிறார்கள்.

ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகப் போட்ட பதிப்பை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை வரும். படுத்துப் படிக்க முடியாது, மடியில் வைத்தால் நடுவில் பிளக்கும். மூன்றாவது ஆள் கைக்குப் போகும்போது முதுகு உடைந்துவிடும். தனித்தனி ஐந்து பாகம்தான் இரவலுக்கு ஏற்றது. ஆனால் அதிலும் ஒரு கோளாறு உண்டு. இந்த நாவல் அதிகம் நின்றுபோகும் இடம் முதல் பாகத்தின் கடைசிப் பக்கம். கதை சலித்ததால் அல்ல, இரண்டாம் பாகம் இன்னொருவர் வீட்டில் இருப்பதால்! இரண்டு வாரம் காத்திருந்தால் வேகம் போய்விடுகிறது. கோடிக்கரையில், பூங்குழலியோடு, புது இடமும் புது ஆட்களுமாகத் தொடங்கும் 'சுழற்காற்று' அப்போது ஒட்டமாட்டேன் என்கிறது. ஒரு பாகத்தில் பாதி தாண்டியதும் அடுத்த பாகத்துக்குச் சொல்லி வைப்பது, இரண்டாம் பாகத்தை மட்டும் இரண்டு பிரதி வைத்திருப்பது என்ற ஏற்பாட்டுக்குப் பிறகு இந்தத் தடை பெருமளவு நீங்கிவிட்டது.

இந்த இடத்தில், எந்தத் தமிழ்ப் புத்தகம் வாங்கினாலும் கடையிலேயே செய்ய வேண்டிய சோதனையைச் சொல்லிவிடலாம். நம் புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்கப் பாரமாக மடித்துக் கட்டப்படுகின்றன. கட்டும் இடத்தில் ஒரு பாரம் விடுபடலாம், ஒரே பாரம் இரண்டு முறை சேரலாம், தலைகீழாகவும் சேரலாம். ஆகவே எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டியதில்லை. 16-17, 32-33, 48-49 என்று பாரம் மாறும் இடங்களைப் பார்த்தால் போதும். 48-க்குப் பிறகு 65 வந்தால் ஒரு பாரம் போயிற்று. பழைய பதிப்புகளில் ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் நூலின் பெயர்ச் சுருக்கமும் பார எண்ணும் பொடியாக அச்சாகி இருக்கும். அந்த எண்ணைத் தொடர்ந்து பார்த்தால் வேலை இன்னும் எளிது. முன்னுரைப் பக்கங்களையும் எண்ணில் சேர்த்திருந்தால் மாறும் இடம் சற்றுத் தள்ளி வரும். முதல் மாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அதிலிருந்து 16 கூட்டிக்கொண்டே போகலாம்.

கட்டையும் அப்போதே பார்த்துவிடலாம். பாரத்தின் நடுப்பக்கத்தில், அதாவது 8-9, 24-25 என்ற இடங்களில், நூல் தெரிந்தால் தையல் கட்டு. நூல் இல்லாமல் முதுகில் பசை மட்டும் இருந்தால் அது எங்கள் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் இரண்டு மூன்று கை தாங்கும், அவ்வளவுதான். கேட்ட பிறகு ஒவ்வொரு பிரதியாக அச்சிட்டுத் தரும் புத்தகங்கள் எல்லாம் பசைக் கட்டுதான். அவற்றை 180 பாகைக்கு விரித்து மேசையில் அமுக்கக் கூடாது. முதலில் முன்பக்கம் பத்துத் தாள், பின்பக்கம் பத்துத் தாள் என்று மாறி மாறி மெல்ல நீவி நடுவுக்கு வர வேண்டும். அப்படிப் பழக்கினால் முதுகில் கோடு விழாது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' சீட்டுதான் படிக்க மிகச் சுவாரசியமானது. 1972-இல் வெளிவந்த நாவல். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சுமத்ராவின் மெடான், பினாங்கு, ஜப்பானியர் வருகை, இந்திய தேசிய ராணுவம், வட்டிக்கடைகள். மலேசியத் தமிழ் வாசகர் ஒருவர் ஒரே ஒரு நாவல்தான் வாங்குவார் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வோம். ஆனால் சீட்டில் பெரும்பாலோர் நாற்பது, ஐம்பது பக்கத்துக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். கதை நேராக நடக்காது என்பது முதல் காரணம். மெடான் தெருவில் நின்றுகொண்டிருக்கும் நாயகன் பாண்டியனின் மனம் திடீரென்று மதுரைக்கும் ஊர் நினைவுக்கும் போய்விடும். போகிறோம் என்று முன்னறிவிப்பு இருக்காது. இரண்டாவது, நண்பர்கள் உட்கார்ந்து பேசும் பக்கங்கள். பழந்தமிழ் வரிகள் கேலியும் ஏக்கமுமாகக் கலந்து வரும். பாடல் எதுவென்று தெரியாவிட்டால் பேச்சு பிடிபடாது. மூன்றாவது, வட்டிக்கடை வழக்கு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று யார் யாருக்கு மேலே என்பது தெரியாமல் படித்தால் அந்தக் காட்சிகளின் கூர்மை போய்விடும். மேலாள் கடையை நடத்துபவர். அடுத்தாள் அவருக்கு அடுத்த நிலை. பெட்டியடிப் பையன் புதிதாகக் கப்பலேறி வந்து வேலை பழகுபவன். இவ்வளவு தெரிந்தால் போதும். மலாய்ச் சொற்கள் தமிழ்நாட்டு வாசகரைத் தடுக்கலாம், நம்மைத் தடுக்காது. அந்த வகையில் இந்த நாவலுக்கு நாம்தான் பொருத்தமான வாசகர்கள்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, அதே எழுத்தாளரின் 'கடலுக்கு அப்பால்' நாவலை முதலில் படிப்பது. அளவில் சிறியது, கதை நேராகப் போகும். போர் முடிந்து பினாங்குக்குத் திரும்பும் செல்லையா, அவன் வேலை பார்த்த வட்டிக்கடை, மரகதத்தின் மேல் அவன் வைத்த அன்பு என்று பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருக்கும். அதை முடிக்கும்போது கடை வழக்கும் போர்க்காலச் சூழலும் பழகிவிடும். அந்த வரிசையில் போனவர்களில் பலர் பெரிய நாவலையும் முடித்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கட்டில் சேர்த்த பதிப்புகள் உண்டு. அதில் 'புயலிலே ஒரு தோணி' முதலில் இருந்தாலும் பின்பகுதியிலிருந்து தொடங்கலாம், கதை கெடாது. நினைவோட்டப் பக்கங்களில் ஊர்ப்பெயரைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டு போவது இன்னொரு உதவி. மை வேண்டாம், இரவல் புத்தகம்.

சயாம் ரயில் நாவல்களுக்கு இந்த ஊரில் தனி மரியாதை. ஜப்பானியர் காலத்தில் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போடப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆள் போன குடும்பங்கள் பேராவில் எங்கும் உண்டு என்பதால் பெரியவர்களும் கேட்டு வாங்குவது இவற்றைத்தான். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் வட்டத்தில் சுற்றுகின்றன. எதை முதலில் படிப்பது என்றால், சண்முகத்தினுடையது. வேகமாக ஓடும், மாணவர்களும் முடித்துவிடுகிறார்கள். ரெங்கசாமியின் நாவலில் பசி, நோய், வேலை, சாவு ஒவ்வொன்றும் நின்று நிதானமாக வரும். அதை அவசரமாகப் படிக்கக் கூடாது. ஒரே நாளில் நூறு பக்கம் போனவர்கள் மனம் தாங்காமல் நிறுத்தியிருக்கிறார்கள், அதில் தப்பில்லை.

இரண்டிலும் எல்லோருக்கும் வரும் பொதுவான சிரமம் இடப்பெயர். முகாம் மாறிக்கொண்டே இருக்கும், எது மேலே எது கீழே என்று தெரியாது. ஆகவே ஒரு பக்க வரைபடம் போட்டுப் புத்தகத்தில் செருகி வைத்திருக்கிறோம். அந்தப் பாதை சயாமின் பான்போங் பக்கத்திலிருந்து காஞ்சனபுரி வழியாகக் குவாய் நோய் ஆற்றை ஒட்டி ஏறி, எல்லையில் மூன்று பகோடா கணவாயைத் தாண்டி, பர்மாவின் தான்பியுசாயாட் வரை போகும். நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் வேலை நடந்தது, 1943 அக்டோபரில் இணைந்தது. பர்மாப் பக்கத்து ஆட்களும் சயாம் பக்கத்து ஆட்களும் வெவ்வேறு திசையிலிருந்து வருவது இதனால்தான். இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கு மேல். அவர்களில் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு அப்படிப்பட்ட பெயர்ப்பட்டியல் கிடையாது. இந்த இரண்டு நாவலும் நமக்கு ஏன் வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' இப்போது ஒரே பிரதிதான் இருக்கிறது. ஜப்பானியர் காலமும் அதை ஒட்டிய கம்யூனிஸ்டுக் காலமும் களம். கதை சிலாங்கூரில் நடந்தாலும் இந்த ஊர்க்காரர்கள் தங்கள் கதையாகப் படிக்கிறார்கள். 1948 ஜூன் 16-இல் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம் வந்ததும் சுங்கை சிப்புட்டில்தானே தொடங்கியது! இதற்கு வரிசை, வரைபடம் எதுவும் தேவையில்லை. நல்ல கட்டு, வசதியான எழுத்தளவு உள்ள பிரதி கிடைத்தால் இரண்டாவதாக ஒன்று வாங்கத் தயங்க மாட்டோம்.

தோட்ட வாழ்க்கையையே களமாகக் கொண்டவற்றில் இரண்டு கையில் இருக்கின்றன. அகிலனின் 'பால்மரக்காட்டினிலே' தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்தவர் எழுதியது. விளக்கம் தெளிவாக இருக்கும், நடை சுலபம், அறிமுக நூலாகக் கொடுக்கலாம். ஆனால் பார்வை விருந்தாளியின் பார்வை என்பது சில இடங்களில் தெரியும். கெடாக்காரரான சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' அதற்கு நேர் எதிர். உள்ளே இருந்து, தோட்டத்துப் பேச்சிலேயே எழுதப்பட்டது. எங்கள் மதிப்பீட்டில் இரண்டில் இதுவே பெரிய நூல், கைவிடப்படுவதும் இதுதான் அதிகம். தாமான் குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பிரட்டு, மங்கு, கிராணி, மண்டோர், நிரை, ஒட்டுப்பால், காண்டா இதெல்லாம் காதில் விழாத சொற்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட பிறகு அவர்கள் எங்கே கேட்டிருப்பார்கள்? பொருள் எழுதிய ஒரு தாளை முன் அட்டையின் உட்புறம் ஒட்டி வைத்தோம். பிரட்டு என்றால் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு, மங்கு என்றால் பால் வடியும் கிண்ணம், நிரை என்றால் ஒருவருக்கு வெட்டக் கொடுத்த மர வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி. தாள் வந்த பிறகும் பேச்சு வழக்கு சிலருக்குக் கடினமாகவே இருக்கிறது. அவர்கள் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும். வீட்டில் பால்வெட்டுப் பார்த்த பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டுவது இன்னும் நல்லது. சந்தேகம் அங்கேயே தீரும்.

ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' இப்போது அச்சில் அல்ல, திரையில் படிக்கப்படுகிறது. புற்றுநோய் கண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கதை. பினாங்கில் நடக்கிறது. நோயைப் பற்றி எழுதினாலும் அழவைக்க முயலாத நடை, மருத்துவமனைக் காட்சிகளின் நுணுக்கம் இரண்டுக்காகவும் பரிந்துரைக்கிறோம். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் கொஞ்சம் யோசித்துத் தொடங்கவும். மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இங்கேதான் கோப்புத் தகராறு வருகிறது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழைதிருத்தி வைத்திருக்கும் களஞ்சியம். தமிழர்கள் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அங்குள்ள பிடிஎஃப் கோப்புகள் பெரிய தாளுக்கு ஏற்ற வடிவில் இருக்கின்றன. ஆறு அங்குல மின்வாசிப்பானிலோ கைப்பேசியிலோ திறந்தால் எழுத்து எறும்பாகத் தெரியும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். பத்துப் பக்கத்தில் கண் வலித்து நிறுத்தியவர்கள்தான் அதிகம். நாவலின் குற்றம் இல்லை.

செய்ய வேண்டியது இது. பிடிஎஃப்பை விட்டுவிட்டு அதே நூலின் ஒருங்குறி (யூனிகோட்) எச்டிஎம்எல் பக்கத்தைக் கணினியில் சேமிக்கவும். காலிபர் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைச் சேர்த்து, வெளியீட்டு வடிவம் ஈபப் (EPUB, திரைக்கேற்ப வரி மடங்கும் மின்னூல் வடிவம்) என்று தேர்ந்தெடுத்து மாற்றவும். மாற்றும் முன் நூல் பெயரையும் ஆசிரியர் பெயரையும் தமிழில் நிரப்பிவிடவும், இல்லாவிட்டால் எல்லாக் கோப்பும் ஒரே மாதிரி எண்ணாகத் தெரியும். கிடைத்த ஈபப்பைக் கைப்பேசியில் கூகள் பிளே புக்ஸில் ஏற்றலாம், அல்லது அமேசானின் கிண்டில் மின்வாசிப்பான் வைத்திருப்பவர்கள் சென்ட் டு கிண்டில் வழியாக அனுப்பலாம். கிண்டிலுக்கு மோபி வடிவம் அனுப்பும் பழைய வழக்கத்தை விட்டுவிடவும், 2022-இலிருந்து அது ஈபப்பை ஏற்கிறது. இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் இலவசத் தமிழ் மின்னூல் தளத்தில் ஈபப்பும், ஆறு அங்குலத் திரைக்கென்றே செய்த பிடிஎஃப்பும் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. அங்குள்ள நூல்களின் தரம் ஏறியிறங்கும், தேர்ந்து எடுக்க வேண்டும்.

படிக்கத் தொடங்கும் முன் ஒரே ஒரு பக்கத்தைச் சோதித்துவிடவும். 'கொ', 'கோ', 'கௌ', 'ஸ்ரீ' வரும் சொற்களைப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்தாலோ, புள்ளிக்கு அடியில் வெற்று வட்டம் தெரிந்தாலோ, கருவி தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாமல் தடுமாறுகிறது என்று பொருள். எழுத்துரு மாற்றியும் சரியாகாவிட்டால் வேறு செயலியில் திறக்கவும். பழகிக்கொள்ளலாம் என்று படிக்கத் தொடங்காதீர்கள். பக்கம் முழுக்க மேலே கோடு போட்ட ஆங்கில எழுத்தாக வந்தால் அது பழைய திஸ்கி குறியாக்கம். அதே நூலின் ஒருங்குறிக் கோப்பைத் தேடி எடுக்க வேண்டும். பழைய புத்தகத்தைப் படமெடுத்துச் செய்த பிடிஎஃப்பைக் காலிபரில் போட்டால் வெறும் படங்கள்தான் வரும், எழுத்து வராது. அதைப் பத்து அங்குலப் பலகைக் கணினியில் படிப்பதே வழி.

கண்புரை உள்ள பெரியவர்களுக்கு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகளின் தமிழ்க் குரல் வாசித்துக் காட்டும். வேகத்தைச் சற்றுக் குறைத்தால் காதுக்கு இதமாக இருக்கும். மலாய்ப் பெயர்களையும் வட்டார வழக்கையும் அது கடித்துத் துப்பும், ஆகவே 'மண்புழுக்கள்' போன்ற நாவலுக்கு உதவாது. 'அந்திம காலம்', கல்கி போன்ற சீரான நடைக்குப் போதுமானது.

அச்சுப் புத்தகத்துக்கு இந்த ஊரில் முதல் எதிரி ஈரம். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் காளான் பிடிக்கத் தொடங்கும். இங்கே ஆண்டு முழுக்க அதற்கு மேல்தான். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடவும், குளியலறைச் சுவரில் சாய்க்கவே வேண்டாம். புத்தகங்களை நெருக்கிச் செருகாமல் ஒரு விரல் நுழையும் இடம் விடவும். நெகிழிப் பையில் சுற்றி வைப்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தப்பு. ஏற்கெனவே தாளில் இருக்கும் ஈரம் உள்ளேயே அடைபட்டு, திறக்கும்போது பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும். பையில் வைத்தே ஆக வேண்டுமென்றால் நன்றாகக் காய்ந்த புத்தகத்தோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, நிறம் மாறும் வகையாக இருந்தால் மாறியதும் உலர்த்திப் போடவும்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் காய வைக்கக் கூடாது. தாள் மஞ்சளாகும், பசை வெடிக்கும். நிற்க வைத்து, விசிறி போல் விரித்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்த வேண்டும். பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தித்தாள் செருகினால் மை ஒட்டும். பூச்சி அரிக்கத் தொடங்கியிருந்தால் பாச்சை உருண்டையைப் பக்கங்களுக்குள் போடாதீர்கள். நாற்றம் ஆண்டுக்கணக்கில் போகாது, படிப்பவருக்குத் தலைவலி. காய்ந்த புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் மூடி, வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். முன்பே திறந்தால் குளிர்ந்த தாளில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், செய்த வேலை வீண்.

விலை விஷயம் சுருக்கமாக. இந்திய ரூபாய் விலையை அன்றைய மாற்று விகிதத்தால் வகுத்தால் ரிங்கிட் கணக்கு வரும்; அதற்கு மேல் அனுப்பும் செலவு. செலவை நிர்ணயிப்பது எடை. சாதாரண அளவில் 400 பக்கப் புத்தகம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறையும். ஆகவே தனியாக ஒன்று வரவழைப்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்து ஐந்து கிலோ அளவுக்கு ஒரே பொட்டலமாக வாங்கினால்தான் கட்டுப்படியாகும். ஈப்போ கடையில் இருக்கும் புத்தகத்துக்கு அஞ்சல் தேடாதீர்கள். கையில் எடுத்துப் பாரம் சரிபார்க்கும் வசதி அஞ்சலில் கிடையாது. மலேசிய எழுத்தாளர்களின் நூல்கள் பலவும் குறைந்த பிரதிகளே அச்சாகின்றன, தீர்ந்தால் மறுபதிப்பு எப்போது என்று சொல்ல முடியாது. வெளியீட்டு விழாவிலேயே இரண்டு பிரதி வாங்கிவிடுவது நல்லது. வருமான வரி கட்டுபவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்தவும்: வாழ்க்கைமுறைப் பிரிவில் ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை உள்ள வரிக் கழிவில் புத்தகமும் அடங்கும். ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும், வெப்பத்தாள் ரசீது ஓராண்டிலேயே வெளுத்துப்போகும் என்பதால் வாங்கிய அன்றே படமெடுத்து வைக்கவும்.

'புயலிலே ஒரு தோணி' இரண்டு பிரதியும் இப்போது வெளியில் இருக்கின்றன. வரிசையில் காத்திருப்பவர்கள் அதுவரை 'கடலுக்கு அப்பால்' எடுத்துக்கொண்டு போகலாம்.